மன்னார்க் கரையின் ஊர்ப்பெயர்ப் புதிர்கள்

எழுதியபடி நின்றால் பகைவர். நடுவிலுள்ள நெட்டெழுத்துக் குறுகினால் அரசர். னகரம் ணகரமாகி ஈற்று ரகரம் றகரமானால் மணல் நிறைந்த ஆறு. அஃது எந்த ஊர்?

இலங்கையின் வடமேற்குக் கரையை அறிந்தவர்க்கு விடை கூறுதல் அரிதன்று. மன்னார் என்பதே அவ்வூர். மன்னுதல் என்னும் சொல்லுக்கு நிலைபெறுதல், பொருந்துதல் என்னும் பொருள்கள் உண்டு. பொருந்தாதவர் மன்னார், ஆதலின் பழைய தமிழில் அச்சொல் பகைவரைக் குறித்தது. நடுவிலுள்ள னாகாரத்தை ஒரு மாத்திரை குறைத்தால் மன்னர் ஆகி, பகைவர் அரசராகிவிடுகின்றனர். மண் என்பதோடு ஆறு என்பது சேர்ந்தால் மண்ணாறு என்றாகும். மூன்று சொற்களும் பேச்சில் விரைந்து செல்லும்போது ஏறத்தாழ ஒன்று போலவே காதில் விழுகின்றன. எழுத்தில் வைத்துப் பார்க்கும்போதோ ஒன்றற்கொன்று காத தூரம் நிற்கின்றன.

ஊர்ப்பெயரை இவ்வாறு கூட்டியும் குறைத்தும் பிரித்தும் விளையாடுவது தமிழர்க்குப் புதிய வழக்கன்று. தண்டியலங்காரம் சித்திரகவிகளை எடுத்துரைக்கும் இடத்தில் எழுத்து வருத்தனம், அக்கரச் சுதகம், வினாவுத்தரம் என்பவற்றையும் சேர்த்துக் கூறுகின்றது. ஒரு சொல்லோடு ஓரோர் எழுத்தாகக் கூட்டிச் சென்று வேறு வேறு பொருள் காண்பது எழுத்து வருத்தனம். ஒவ்வோர் எழுத்தாக நீக்கிச் சென்று பொருள் காண்பது அக்கரச் சுதகம். பிற்கால இலக்கணிகள் மாத்திரைச் சுருக்கம், மாத்திரை வருத்தனம் என்பவற்றையும் இவற்றோடு சேர்த்தனர். நெடிலைக் குறிலாக்கிப் பெறுவது சுருக்கம். குறிலை நெடிலாக்கிப் பெறுவது வருத்தனம்.

இவற்றுள் ஊர்ப்பெயர்க்கு மிக உரியது வினாவுத்தரம். பல வினாக்களை அடுக்கி, அவற்றின் விடைகளை ஒன்றோடொன்று புணர்த்தி, அப்புணர்ச்சியே இறுதி வினாவுக்கு விடையாகுமாறு அமைப்பது அது. தண்டியலங்காரத்தில் இதற்கு எடுத்துக்காட்டாக வரும் பழம்பாடல் ஓர் ஊர்த்தலத்தையே விடையாகக் கொண்டது. திருமகளின் பெயர் திரு. போகின்றவனை ஏவுஞ் சொல் ஏகு. போரிற் பாயும் கணையின் பெயர் அம்பு. அழகின் பெயர் அம். நான்கையும் சேர்த்தால் காஞ்சியிலுள்ள திருவேகம்பம் கிடைக்கின்றது. கேட்பவனுக்குச் சொல்லறிவு, புணர்ச்சியிலக்கணம், நாட்டறிவு ஆகிய மூன்றும் இருந்தாலன்றி இப்புதிர் அவிழாது.

அந்த முறையைப் பின்பற்றி மன்னார்த் தீவின் மேற்கு முனைக்கும் ஒரு புதிர் அமைக்கலாம். எண்சாண் உடம்புக்கு முதன்மையான உறுப்பு யாது? அரசனுக்கு ஈரெழுத்துப் பெயர் யாது? சோழர் மாலையாகச் சூடிய பூவின் மரம் யாது? பாக்குநீரிணையைக் கடந்து தமிழகத்திலிருந்து வந்த கப்பல் அடைந்த துறை யாது? முதல் விடை தலை, இரண்டாவது மன், மூன்றாவது ஆத்தியின் மறுபெயராகிய ஆர். தனிக்குறிலை அடுத்து நின்ற ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது நன்னூல் விதி. எனவே மன்னும் ஆரும் சேர்ந்து மன்னாராகி, தலையோடு கூடித் தலைமன்னார் ஆகின்றது.

இறுதி வினாவின் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறும் நிற்கின்றது. 1914ஆம் ஆண்டில் இருப்புப்பாதை தலைமன்னாரைத் தொட்டது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் உள்நாட்டுப் போரினால் நின்றது. 1990ஆம் ஆண்டில் புகைவண்டியும் நின்றது. 2015ஆம் ஆண்டில் தண்டவாளம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. வந்த கப்பல் என்று இறந்தகாலத்தில் வினாவுவதற்குக் காரணம் இதுவே.

மன்னார்த் தீவிலிருந்து பெருநிலக்கரைக்கு வந்து தெற்கே அருவியாற்றின் முகம் வரை செல்பவனுக்கு இவ்வகைப் புதிர்கள் வழியெங்கும் கிடைக்கும். மூன்றெழுத்துக் கொண்ட ஒரு மீனவர் ஊர். அதன் முன்னிரண்டெழுத்தும் வாய் திறவா, பின்னிரண்டெழுத்தும் வழி காட்டும். பேசா என்பதும் சாலை என்பதும் நடுவெழுத்தைப் பங்கிட்டுக்கொண்டு பேசாலை ஆயின. வயல்கள் சூழ்ந்த ஓர் ஊரின் பெயரிலிருந்து ஒரு மெய்யெழுத்தை எடுத்துவிட்டால் வேலேந்திய கடவுள் வந்து நிற்பார். ஙகர ஒற்றை இழந்த முருங்கன் முருகன் ஆகின்றது. மடு நீண்டால் மாடு. மாந்தை குறுகினால் மந்தை. ஒன்று கத்தோலிக்கர் பெருந்திரளாகச் செல்லும் மருதமடுத் திருத்தலம், மற்றொன்று பழந்துறைமுகம். இரண்டும் புதிரில் மட்டும் ஒரே மேய்ச்சல் நிலத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

நானாட்டான் என்னும் ஊரைப் பற்றிய புதிர் சற்றுக் கடினமானது. காதால் மட்டும் கேட்பவன், அப்பெயருக்குள் ஒரு நாட்டான் ஒளிந்திருக்கின்றான் என்பான். கண்ணால் எழுத்தைப் பார்ப்பவன் அதனை மறுப்பான். ஏனெனில் அங்கே இருப்பது றன்னகரம். தமிழில் றன்னகரம் மொழிக்கு முதலில் வாராது. ஓசை ஒன்றைக் கூறுகின்றது. எழுத்து மற்றொன்றைக் கூறுகின்றது. தந்நகரத்தையும் றன்னகரத்தையும் மாணவன் வேறுபடுத்திக் கற்பதற்கு இதைவிட எளிய வழி கிடைத்தல் அரிது.

எழுத்து மாறினால் பொருள் எவ்வளவு தொலைவு சென்றுவிடும் என்பதற்கு வில்பத்துக் காட்டின் வட எல்லையை ஒட்டிய ஓர் ஊர் சான்றாகும். அதன் பெயரை மறிச்சுக்கட்டி என்றும் மரிச்சுக்கட்டி என்றும் இருவிதமாக எழுதுகின்றனர். வல்லின றகரம் இட்டால், ஓடும் நீரை மறித்துக் கட்டிய இடம் என்னும் பொருள் தோன்றும். குளமும் அணையும் உயிர்நிலையாகிய வறண்ட நாட்டுக்கு அப்பொருள் முற்றும் பொருந்துகின்றது. இடையின ரகரம் இட்டாலோ, மரித்தல் என்னும் சொல்லின் சாயல் வந்து விழுகின்றது. ஒரு கீற்றின் வேறுபாடு, நீரைத் தேக்கி உயிர் வளர்த்த ஊரை இறப்போடு சேர்த்துவிடுகின்றது. ஆங்கில நெடுங்கணக்கில் எழுதும்போது இவ்விரண்டு எழுத்துக்கும் வேறுபாடு காட்ட வழியில்லை. பெயர்ப்பலகையையும் பதிவேட்டையும் ஆங்கில வடிவத்திலிருந்து திருப்பித் தமிழில் எழுதுவோர் எவ்வெழுத்தை இடுவது என்று தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சில பெயர்களில் புதிர் எழுத்தில் இல்லை, நிலத்தில் இருக்கின்றது. விடத்தல்தீவு பெயரால் தீவு, இருப்பதோ பெருநிலக்கரையில். அதன் முற்பகுதியைப் பார்த்து நஞ்சு என்று அஞ்சுவாரும் உளர். விடத்தல் என்பது வறண்ட நிலத்தில் வளரும் ஒரு முள்மரம். தாழ்வுபாடு என்னும் பெயரைப் புத்தகத் தமிழில் படிப்பவனுக்கு அது தாழ்வும் துன்பமுமாகத் தோன்றும். கடற்றொழிலாளனுக்கோ பாடு என்பது கரைவலை இழுப்பதற்கு உரிய கடற்பகுதி. நூலறிவு துன்பம் கண்ட இடத்தில் தொழிலறிவு பிழைப்பைக் காண்கின்றது. மன்னார் நகரை அடுத்த பள்ளிமுனையில் பள்ளி என்பது எதனைக் குறிக்கும்? பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் அச்சொல்லால் வழங்கும். சமண பௌத்த முனிவர் உறைந்த இடத்தையும், கிறித்தவர் ஆலயத்தையும் அது குறித்ததுண்டு. ஒரே சொல்லில் பல சமயத்தாரும் தத்தம் வாயிலைக் காண்பதற்கு இடமிருக்கின்றது.

அரிப்பு என்னும் கரையூரின் பெயரில் காலமே ஒரு புதிரை அமைத்துவிட்டது. அரித்தல் என்பது சல்லடையிலிட்டுச் சலித்தலையும் குறிக்கும். நீர் மண்ணைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோதலையும் குறிக்கும். கண்டி அரசில் ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1679ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆற்றுவழியே தப்பிவந்து ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையிற் புகலடைந்தார். பின்னர் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே கிரேக்கப் பாணித் தூண்களுடன் ஒரு மாளிகை எழுப்பினார். அம்மாளிகையின் எஞ்சிய சுவர்களை இன்று கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது. ஊருக்குப் பெயர் வைத்தவர் இதனை எண்ணி வைத்திரார். ஆயினும் பெயரும் நிகழ்ச்சியும் ஒன்றாகிவிட்டன. அருகிலுள்ள சிலாவத்துறையின் பெயர் முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம், சிலாபம் என்னும் சொல்லோடு தொடர்புடையது. பகரம் வகரமாக ஒலித்தது ஒன்றே அங்கு நேர்ந்த மாற்றம்.

இதுவரை கூறியவை விளையாட்டு. விளையாட்டில் பிழை நேர்ந்தால் சிரித்துவிட்டு அடுத்த புதிருக்குச் செல்லலாம். வரலாற்றில் அவ்வாறு செல்லுதல் இயலாது. பெயரைப் பிரித்துப் பார்க்கும் அதே கைத்திறன், ஒரு நிலம் யாருக்குரியது என்னும் வழக்கிலும் கருவியாக எடுத்தாளப்படுகின்றது. அங்கேதான் இடர் தோன்றுகின்றது.

மாதோட்டம் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். மா என்பது மாமரம் என்றும் பெருமை என்றும் பொருள்படும். தோட்டம் என்பதோ வெளிப்படை. எனவே மாந்தோட்டம் அல்லது பெருந்தோட்டம் என்று தமிழ்ச்செவி எளிதாகப் பொருள் கொள்ளும். துவட்டா என்னும் தேவதச்சன் தவஞ்செய்த இடம் ஆதலின் மாதுவட்டாபுரம் என்றிருந்து மாதோட்டமாயிற்று என்பது புராண மரபு. கேது வழிபட்டதனால் அங்குள்ள கோயில் கேதீச்சரம் ஆயிற்று என்பதும் அம்மரபே. பாலி மொழியிலுள்ள மகாவமிசம் இத்துறையை மகாதித்த என்று அழைக்கின்றது; விசயனுக்காகப் பாண்டிநாட்டிலிருந்து வந்த மணமகள் அங்கே கரையிறங்கினாள் என்று அந்நூல் கூறும். தித்த என்பது துறை. அதற்குச் சிங்களத்தில் தொட்ட என்று பெயர்; மாதொட்ட என்றால் பெருந்துறை. சிங்களத்தின் தொட்டவும் தமிழின் தோட்டமும் ஒலியால் உடன்பிறந்தவை போல நிற்கின்றன. பொருளால் ஒன்று கடலைப் பார்க்கின்றது, மற்றொன்று சோலையைப் பார்க்கின்றது.

இவற்றுள் எது மூலம், எது திரிபு? ஓசை ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுவோர் இருபக்கத்தும் இருக்கின்றனர். ஓசை இருபக்கத்துக்கும் ஒரே அளவில் உடன்படும் சாட்சி என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. ஓர் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொள்ளுமுன் மூன்று சோதனைகள் செய்தல் தகும். அப்பெயர் பழைய எழுத்தில் எவ்வடிவில் காணப்படுகின்றது என்பது முதலாவது. பிறமொழியாளர் அதனை எவ்வாறு செவியேற்று எழுதினர் என்பது இரண்டாவது. நிலத்தின் இயல்பும் அகழ்ந்தெடுத்த பொருள்களும் அதற்கு இயைகின்றனவா என்பது மூன்றாவது.

மாதோட்டம் இச்சோதனைகளில் தலைகுனியாத பெயராகும். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரும் அவர்க்குப் பிற்பட்ட சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடியபோது மாதோட்டம் என்னும் பெயரை ஆண்டிருக்கின்றனர். சோழர் ஆட்சியில் தாழிகுமரன் என்பவர் அங்கே இராசராசேசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்ததைக் கூறும் கல்வெட்டிலும் அப்பெயர் காணப்படுகின்றது. அக்கல்வெட்டு மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று மறுபெயரும் வழங்குகின்றது. பேரரசன் பெயரால் இட்ட அப்புதுப்பெயர் கல்லோடு நின்றுவிட்டது; மாதோட்டம் மக்கள் நாவில் நிலைத்தது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் அதனை மாந்தோட்ட என்று கேட்டெழுதினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த மொதுத்து என்னும் வாணிகத்துறையும் இதுவே என்று கருதும் அறிஞர் உளர்.

நிலத்தின் சான்றும் குறைவுடையதன்று. குதிரையின் இலாடம் போன்று வளைந்த மாந்தைத் திட்டில் 1980 முதல் 1984 வரை யோன் காசுவெல் என்பவரின் தலைமையில் அகழ்வு நிகழ்ந்தது. சீனநாட்டுக் கலங்களும் மேற்காசியக் கலங்களும் அங்கே வெளிப்பட்டன. உள்நாட்டுப் போரினால் அப்பணி நின்றது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் மண்ணைச் சலித்து ஆராய்ந்தபோது மிளகும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையான ஒரு கராம்பும் கிடைத்தன. கராம்பு அக்காலத்தில் கிழக்குக் கோடியிலுள்ள மொலுக்காத் தீவுகளில் மட்டும் விளைந்தது. மா என்பதற்கு எப்பொருள் கொண்டாலும், உலகக் கடல்வழிகள் வந்து கூடிய பெருந்துறை ஒன்று அங்கே இருந்தது என்பதை அந்த ஒரு சிறு மொட்டு உறுதிப்படுத்துகின்றது. பாலியில் எழுதிய துறவியும் தமிழில் பாடிய அடியாரும் ஒரே துறையைத் தத்தம் மொழியில் அழைத்தனர் என்பதற்கு மேல் ஓசையிலிருந்து பெறத்தக்கது அதிகமில்லை. ஒருவர் அழைத்த பெயர் மற்றவர் அழைத்த பெயரைப் பொய்யாக்கவுமில்லை.

மன்னார் என்னும் பெயரையும் அதே தராசில் நிறுக்கவேண்டும். மண்ணாறே மன்னாராயிற்று என்போர், தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமற்ற மணற்கழியைச் சான்றாகக் காட்டுவர். நிலத்தின் இயல்பு அவர் பக்கம் இருப்பது உண்மையே. ஆனால் அவ்வழிக்கு ஒரு பெயரில் மூன்றிடத்து எழுத்து மாறவேண்டும்; மாற்றத்தைக் காட்டும் பழைய எழுத்துச் சான்று வரும்வரை அதனை அழகிய புதிர் என்ற அளவில் வைத்துக்கொள்வதே நேர்மை. அரசர் வாழ்ந்த இடம் என்போர்க்கும் இதே விடைதான். 1560இல் போர்த்துக்கீசர் தீவைக் கைப்பற்றினர்; 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். மூவரும் கோட்டையைத் தமதாக்கிக்கொண்டனர். ஊரின் பெயரைத் தத்தம் எழுத்தில் எழுதினரேயன்றி மாற்றினாரல்லர்.

பெயர் நிலைத்து மக்கள் பெயர்ந்த காலமும் இக்கரைக்கு வந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முசிலிம்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் சிலாவத்துறையிலிருந்தும் மறிச்சுக்கட்டியிலிருந்தும் சென்றோர் பலர் புத்தளப் பகுதியிற் குடியேறினர். 2008ஆம் ஆண்டுப் போர் மாந்தை, அடம்பன் பக்கத்துத் தமிழரையும் ஊர்விட்டு ஊர் ஓடச் செய்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் இருசாராரும் சிறிது சிறிதாகத் திரும்பலாயினர். இடைப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தைகள் ஊரைக் காணுமுன்பே ஊரின் பெயரைக் கற்றனர். எருக்கலஞ்செடியைக் காட்டி, பிட்டி என்றால் மேட்டுநிலம் என்று ஒரு பாட்டி சொல்லியிருப்பாளாயின், அக்குழந்தைக்கு அதுவே நிலப்படமும் உரிமை உறுதியும் ஆகியிருக்கும். வீடும் தோணியும் வலையும் போனபின் சுமையின்றிக் கொண்டுசெல்லத்தக்க சொத்து ஊர்ப்பெயர் ஒன்றே.

ஆதலின் அப்பெயரைப் பிழையின்றி எழுதுதல் அற்ப வேலையன்று. ஊர்ப்பெயர்ப் புதிர் சிறுவரைச் சிரிக்கவைக்கும். சிரிப்பினூடே ரகர றகர வேறுபாட்டையும் குறில் நெடில் அளவையும் மனத்தில் ஊன்றிவிடும். புதிரை அவிழ்க்க முயலும் மாணவன் ஒவ்வோர் எழுத்தையும் நின்று பார்க்கப் பழகுகின்றான். அவ்வாறு பழகியவன், பிற்காலத்தில் யாரேனும் ஓர் ஊர்ப்பெயரைத் தமக்கு வேண்டியபடி பிரித்துக்காட்டி அதுவே வரலாறு என்று கூறும்போது, அந்த எழுத்து எங்கே போயிற்று, இந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று வினாவுவான்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது பழமொழி. கடற்கரை மணலைக் காற்று வாரிக்கொண்டு போகாதபடி பிணித்து வைப்பது அக்கொடி. மன்னார்க் கரையின் ஊர்ப்பெயர்கள் அக்கொடியைப் போன்றவை. ஒவ்வொன்றும் மெல்லியது, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது ஒரு நாட்டின் நினைவைப் பிடித்து வைத்திருக்கின்றது. பகைவர் என்றும் அரசர் என்றும் பிரிந்து பொருள்படும் ஒரு சொல்லை ஊர்ப்பெயராகக் கொண்ட மக்கள், அச்சொல்லின் வேர்ப்பொருளாகிய பொருந்தி நிலைபெறுதல் என்பதை வாழ்விற் காண்பாராயின், அப்புதிர் முற்றும் அவிழ்ந்ததாகும்.